துபாய்க்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயில் கராமா பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நவம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். சித்தப்பா மகன், கல்லூரித் தோழி, எதிர்வீட்டு அக்காவின் நாத்தனார் என்று யாராவது ஒருவர் கூப்பிட்டு, "அரையாண்டு லீவுக்கு அங்கே வரலாம்னு இருக்கோம், எப்படிப் பண்ணலாம்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

துபாய்ப் பயணத்தில் ஆட்களைச் சாய்ப்பவை வெயிலும் தூரமும். பணம்கூட அதற்கு அப்புறம்தான். கீழே இருக்கும் பதில்களில் பாதி இந்த இரண்டையும் சமாளிப்பது பற்றியதே.

எந்த மாதத்தில் வரலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. பகலில் 25 டிகிரிக்கு முன்பின் இருக்கும். ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்கு இறங்கும், பாலைவனத்தில் இன்னும் குளிரும். "துபாய்க்கு எதுக்கு ஸ்வெட்டர்?" என்று சிரித்துவிட்டு வந்த என் மாமனார், சஃபாரி முகாமில் ஓட்டுநரிடம் போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பள்ளி விடுமுறை மே மாதத்தில்தானே என்று கேட்பீர்கள். மே மாதத்திலேயே 40 டிகிரியைத் தொட ஆரம்பித்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் 45ஐ எட்டும். கூடவே கடலோர ஈரப்பதம். கட்டடத்தை விட்டு வெளியே காலை வைத்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. நம் ஊர்க் கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று இங்கே அரசே தடை போட்டிருக்கிறது. அந்த வெயிலில் நாலு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதா என்று யோசியுங்கள். கோடையில் ஹோட்டல் வாடகை நன்றாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் பூந்தோட்டமான மிராக்கிள் கார்டனும், பல நாட்டுக் கடைகளும் ராட்டினங்களும் இருக்கும் குளோபல் வில்லேஜும் அப்போது மூடியிருக்கும். இரண்டுமே குளிர்கால மாதங்களில் மட்டும் நடப்பவை.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சத்தில் இருக்கும். டிசம்பர் 31 இரவு புர்ஜ் கலீஃபா வாணவேடிக்கைக்காகச் சுற்றுச் சாலைகளை அடைத்துவிடுவார்கள், திரும்பி வர நள்ளிரவு தாண்டிப் பல மணி நேரம் ஆகும். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துப் போட முடிந்தால் அதுதான் நான் சொல்லும் வாரம்.

ரமலான் மாதத்தில் வரலாமா?

தாராளமாக வரலாம். 2027இல் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் தொடங்கும், சரியான நாளைப் பிறை சொல்லும். பகலில் தெருவிலோ பூங்காவிலோ நின்று சாப்பிடுவதைத் தவிர்த்தால் போதும். உணவகங்கள் பல திறந்தே இருக்கும். இரவில்தான் ஊருக்கே உயிர் வரும். குழந்தைகள் பதினொரு மணி வரை விழித்திருப்பார்கள் என்றால் உங்களுக்கு அது நல்ல மாதம்.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். 30 நாள், 60 நாள் என்று இரண்டு வகைச் சுற்றுலா விசா உண்டு. விமான நிறுவனம், டிராவல் ஏஜென்ட், தங்கும் ஹோட்டல், இங்கே வசிக்கும் நெருங்கிய உறவினர் என்று யார் மூலமாகவும் எடுக்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட்டைத்தான் பலர் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பெரியவர்களுடையது பத்து ஆண்டு வரும், குழந்தையுடையது ஐந்தே ஆண்டில் முடிந்துவிடும். அமெரிக்க விசா, கிரீன் கார்டு போன்றவை வைத்திருக்கும் இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும் வசதி உண்டு. அதன் விதிகளை டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள். நாள் தவறித் தங்கினால் தினமும் 50 திர்ஹாம் அபராதம்.

எத்தனை நாள் போதும்? எங்கே தங்குவது?

ஐந்து இரவு, ஆறு பகல். அதற்குக் குறைந்தால் ஓட்டமாக இருக்கும்.

தங்கும் இடத்தைப் பொறுத்தே மற்றதெல்லாம். வரைபடத்தில் துபாய் சின்னதாகத் தெரியும். உண்மையில் அது கடலோரமாக நீண்டு கிடக்கும் நகரம். வடக்கே பழைய தேரா, தெற்கே மரீனா, இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல். தேராவில் அறை எடுத்துக்கொண்டு தினமும் மரீனா கடற்கரைக்குப் போய்வந்தால் விடுமுறையில் பாதி வண்டியிலேயே போய்விடும். ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று அங்கே தங்குபவர்கள் உண்டு. காலையும் மாலையும் அந்தச் சாலை நெரிசலில் ஒருமுறை மாட்டினால் மிச்சம் பிடித்த காசு மறந்துபோகும்.

என் யோசனை, தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் மூன்று இரவு பர் துபாய், கராமா அல்லது தேரா. இங்கே சமையலறையோடு கூடிய ஹோட்டல் அபார்ட்மென்ட்டுகள் நிறைய. குழந்தைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றால் கவலையில்லை. லுலு போன்ற சூப்பர் மார்க்கெட்டில் இட்லி மாவு, கறிவேப்பிலை, தயிர் எல்லாம் கிடைக்கும். ஊர் சுற்றுவதையெல்லாம் இந்த மூன்று நாளில் முடித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இரவு மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடலோர ஓய்வு விடுதிக்கு மாறுங்கள்: ஜுமைரா, பாம் ஜுமைரா, மரீனாவை ஒட்டிய ஜேபிஆர், எது உங்கள் கைக்கு அடக்கமோ அது. அங்கே போனபின் எங்கும் சுற்றாதீர்கள். அந்த வாடகையில் நீச்சல் குளம், மணல், சாய்வு நாற்காலி, காலை உணவு எல்லாம் அடக்கம். காலையில் எழுந்து வெளியே போய்விட்டு இரவில் தூங்க மட்டும் வருவதற்கு அவ்வளவு பணம் கொடுப்பது அநியாயம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முறை பெற்றோரைக் கூட்டிவந்தபோது ஊர் ஏஜென்ட் ஒருவர் "சீ வியூ ரூம்" என்று கூடுதலாக வாங்கிக்கொண்டு பதிவு செய்துகொடுத்தார். பால்கனியில் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரிந்தது. கடல் தெரிவது வேறு, கடற்கரை இருப்பது வேறு. விடுதிக்குச் சொந்தக் கடற்கரை உண்டா, அல்லது வேனில் ஏற்றி எங்காவது கொண்டுபோய் இறக்குவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

காசு கொடுக்காமல் போகக்கூடிய நல்ல கடற்கரை இருக்கிறதா?

இருக்கிறது. பல விடுதிகளின் சொந்தக் கடற்கரையைவிட நன்றாகவே இருக்கும்.

குழந்தைகளோடு வந்தால் கைட் பீச். வெள்ளை மணல், விளையாட்டுத் திடல், ஓடுவதற்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை, குளிக்கவும் உடை மாற்றவும் இடம், உயிர்காப்பாளர்கள், வரிசையாகச் சாப்பாட்டு வண்டிகள். அங்கிருந்து பார்த்தால் பாய்மர வடிவப் புர்ஜ் அல் அரப் ஹோட்டல் தெரியும். 1999இல் திறந்தது, 321 மீட்டர் உயரம். உள்ளே ஒரு இரவு தங்கும் காசுக்கு உங்கள் குடும்பம் மொத்தமும் ஊருக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம். வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வது இலவசம். அதற்குத் தோதான இடம் பக்கத்திலுள்ள சன்செட் பீச், மாலை ஐந்து மணிக்கு.

ஜேபிஆர் கடற்கரையில் கடையும் கூட்டமும் இரைச்சலும் அதிகம். பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வயதானவர்களுக்கும் தவழும் குழந்தைக்கும் மம்சார் நல்லது. வளைந்த உப்பங்கழி, அலை அடங்கிய தண்ணீர், புல்வெளி, மரநிழல். பாய் விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் குடும்பங்களை அங்கே வாராவாரம் பார்க்கலாம்.

ஜுமைராவிலும் உம் சுகைமிலும் சில கடற்கரைகளை 2023 முதல் இரவுக் குளியலுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கம்பத்தில் பெரிய விளக்குகள், காவலுக்கு உயிர்காப்பாளர்கள். கோடையில் வந்தே தீர வேண்டியவர்களுக்கு இதுதான் வழி. ஆகஸ்ட் பகலில் கடலில் இறங்கினால் வெந்நீர்ப் பானையில் கால் வைத்த மாதிரி இருக்கும். ஜனவரியில் நேர்மாறு, முதல் முழுக்குக்குப் பல் கிட்டும். அதனால்தான் நல்ல விடுதிகள் குளத்து நீரைக் கோடையில் குளிரூட்டுகின்றன, குளிர்காலத்தில் சூடாக்குகின்றன. பதிவு செய்யும் முன் இதையும் கேளுங்கள்.

சென்னை மெரினாவில் அலையோடு விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கடல் குளம் மாதிரி தெரியும். ஆனாலும் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது.

அம்மா சுடிதாரோடு தண்ணீரில் இறங்கலாமா?

பொதுக் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு நடக்க யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டிகளை இங்கே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீச்சல் குளத்திலும் தண்ணீர்ப் பூங்காவிலும் விட மாட்டார்கள். பருத்தித் துணி, துப்பட்டா, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. நீச்சலுக்கென்றே தைத்த துணியாக இருக்க வேண்டும். உடம்பை முழுக்க மூடும் நீச்சலுடை தாராளமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு இறங்கத் தடையில்லை. ஊரிலேயே வாங்கி வாருங்கள், தண்ணீர்ப் பூங்கா வாசலிலுள்ள கடையில் விலை கண்ணைக் கட்டும்.

அதேபோல நீச்சலுடை மணலோடு முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கோ மாலுக்கோ போகக் கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் எங்கேயும் பிரச்சினை வராது.

பாலைவன சஃபாரி: குழந்தை, பெரியவர்களோடு போகலாமா?

போகலாம், ஆனால் எந்தப் பகுதிக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாலை சஃபாரி இப்படி நடக்கும். மூன்று மணிவாக்கில் லேண்ட் குரூசர் உங்கள் ஹோட்டல் வாசலுக்கு வரும். பெரும்பாலும் லஹ்பாப் பக்கம் போவார்கள், அங்கே மணல் செங்கல் நிறத்தில் இருக்கும். தார்ச்சாலை முடியும் இடத்தில் ஓட்டுநர் இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பிடுங்குவார். உஸ்ஸென்று சத்தம் கேட்கும், டயர் பாதம் பரப்பின மாதிரி அகன்றுவிடும். மணலில் புதையாமல் ஓட அதுதான் வழி. அப்புறம் அரை மணி நேரம் குன்றில் ஏறுவதும் சரிவதும். மேலே ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரியும். அடுத்த நொடி வண்டி பக்கவாட்டில் வழுக்கும், ஜன்னலுக்கு வெளியே மணல் அருவி மாதிரி கூடவே இறங்கும். பிள்ளைகள் கத்தி மகிழ்வார்கள். மதியம் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தவர்கள் பிளாஸ்டிக் பையைத் தேடுவார்கள். என் தம்பி தேடினான்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதுகுவலி, கழுத்துவலி, இதயநோய் உள்ளவர்கள் இந்தக் குன்றாட்டத்தில் ஏறவே கூடாது. முன்பே சொல்லிவிட்டால் அவர்களை நேராக முகாமுக்கு வேறு வண்டியில் கொண்டுபோவார்கள். முகாமில் ஒட்டகச் சவாரி, மருதாணி, கரியில் சுட்ட இறைச்சி, பாவாடை சுழலச் சுழல ஆடும் தனூரா ஆட்டம். சைவச் சாப்பாடு உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் பருப்பு, சாதம், சாலட் அவ்வளவுதான்.

ரொம்ப மலிவான சஃபாரியை எடுக்காதீர்கள். ஒரே முகாமில் நூற்றுக்கணக்கில் ஆட்களைச் சேர்த்துச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வைப்பார்கள். பாலைவனத்தின் அமைதிதான் அங்கே பார்க்க வேண்டியது, அதற்கு ஒலிபெருக்கி ஆகாது. அமைதியாகப் பார்க்க விரும்புபவர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அல் குத்ரா ஏரிகளுக்குப் போகலாம். பாலைவனத்துக்கு நடுவே வெட்டிய ஏரிகள், பறவைகள், விடியற்காலையில் போனால் நீண்ட கொம்புள்ள ஓரிக்ஸ் மான்கள். கட்டணம் கிடையாது.

புர்ஜ் கலீஃபா மேலே ஏற வேண்டுமா?

828 மீட்டர், 2010 ஜனவரியில் திறந்தது. 124, 125ஆம் மாடிக்கு ஒரு விலை, 148ஆம் மாடிக்குப் பல மடங்கு. சூரியன் மறையும் நேரத்துக்கு விலை ஏறும், காலையில் குறையும். நாலு பேர் குடும்பத்துக்கு 124 போதும். அதற்கு மேலே போனாலும் தெரிவது அதே ஊர்தான்.

உண்மையைச் சொன்னால், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதே பெரிய அனுபவம். மாலையில் கட்டடத்தின் காலடி ஏரியில் நீரூற்று பாட்டுக்கு ஆடும், காசு கிடையாது. பக்கத்து துபாய் மாலுக்குள் மீன் காட்சியகத்தின் முன்கண்ணாடி 30 மீட்டருக்கு மேல் அகலம், 8 மீட்டருக்கு மேல் உயரம். சுறாவும் திருக்கையும் நீந்துவதை வெளியே மாலில் நின்றே பார்க்கலாம். உள்ளே சுரங்க வழியில் நடக்க மட்டும்தான் டிக்கெட். என் மகள் நாலு வயதில் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள்.

ஒரு எச்சரிக்கை. மெட்ரோ நிலையத்தின் பெயரில் "புர்ஜ் கலீஃபா, துபாய் மால்" என்று இருக்கும். இறங்கியதும் எதிரே மால் என்று நினைக்காதீர்கள். கண்ணாடிப் பாலத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். நகரும் நடைபாதை இருக்கிறது, ஆனாலும் மூட்டுவலி உள்ளவர்களுக்கு டாக்ஸியே நல்லது.

மெட்ரோவா, டாக்ஸியா?

இரண்டும். 2009 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியின் முன்கண்ணாடி ஓரம் நின்றால் பிள்ளைகளுக்குத் தாங்களே ஓட்டுகிற நினைப்பு. ஆளுக்கொரு நோல் என்ற பயண அட்டை வேண்டும், ஒரே அட்டையை எல்லோரும் தேய்த்துப் போக முடியாது. வெள்ளி அட்டை 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கு. தூரத்தைப் பொறுத்து ஒரு பயணம் 3 முதல் 7.50 திர்ஹாம் வரை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஆண்கள் தெரியாமல் ஏறினால் 100 திர்ஹாம் அபராதம். தரையில் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும், அதைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் குடித்தால், சூயிங்கம் மென்றால்கூட அதே 100. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும்.

பாட்டி, குழந்தை, பை எல்லாம் சேர்ந்தால் டாக்ஸி. மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவார்கள், பேரம் கிடையாது. சாலிக் என்ற சுங்க வளைவைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கட்டணம் மீட்டரில் சேரும், ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். விமான நிலையத்தில் எடுத்தால் தொடக்கமே 25 திர்ஹாம். இளஞ்சிவப்புக் கூரையுள்ள டாக்ஸியைப் பெண்கள் ஓட்டுவார்கள், அது பெண்களுக்கும் குடும்பங்களுக்கும். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை எந்தக் காரிலும் முன்சீட்டில் உட்காரவைக்கக் கூடாது. சாலையை இஷ்டத்துக்குக் குறுக்கே கடக்கவும் கூடாது, போலீஸ் பார்த்தால் அபராதம் நூற்றுக்கணக்கில்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கராமாவிலும் பர் துபாயிலும் இறங்கினால் நம் ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கும். சரவண பவன் தொடங்கிக் கேரள மெஸ் வரை எல்லாம் உண்டு. மீனா பஜார் பக்கம் குஜராத்தித் தாலி. ஆனால் ஆறு நாளும் தோசையே தின்றுவிட்டுப் போகாதீர்கள். சத்வாவிலுள்ள ரவி உணவகத்தின் பாகிஸ்தானி சமையலும், பர் துபாய் அல் உஸ்தாத் கடையின் ஈரானிய கபாபும் 1978 முதல் இருப்பவை. இரண்டும் ஆடம்பரம் இல்லாத இடங்கள். இங்குள்ளவர்களின் இனிப்பு லுகைமாத்: பொரித்த சின்ன மாவு உருண்டை, மேலே பேரீச்சம்பழப் பாகு. பணியாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கடற்கரையில் கரக் சாயா குடிக்காமல் யாரும் ஊருக்குத் திரும்பக் கூடாது. ஏலக்காய் போட்டு, பால் திக்காகக் காய்ச்சி, ஒன்றிரண்டு திர்ஹாமுக்குக் கொடுப்பார்கள்.

ஊரிலிருந்து எதைக் கொண்டுவரக் கூடாது?

கசகசா. நம்மால் நம்ப முடியாது, ஆனால் இங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும், பிடிபட்டால் வழக்கு. குருமாப் பொடி, மசாலாப் பொடி என்று அம்மா அரைத்துக் கட்டிக்கொடுத்தால் அதில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வெற்றிலைக்கும் தடை. பாட்டியின் சுருக்குப்பையை விமானம் ஏறும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பான் மசாலா, குட்கா கூடவே கூடாது.

மாத்திரைகளில் கவனம் வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளவை. அவற்றுக்கு முன் அனுமதி தேவை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்குப் பிரச்சினையில்லை. ஆனாலும் டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள்.

துபாயில் நகை வாங்கினால் லாபமா?

சேதாரம், செய்கூலியில் பேரம் பேசத் தெரிந்தால் ஓரளவு. தேராவின் தங்கக் கடைத்தெருவை ஒருமுறை பார்ப்பதற்காகவே போகலாம். ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகையை வரியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரலாம் என்ற சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வந்த சித்திக்கு அது கிடையாது. "போட்டுக்கிட்டே போயிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வரும்போதே நிறைய நகை போட்டு வருபவர்கள், சென்னையில் கிளம்பும்போதே சுங்கத்தில் பதிவுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்கும் பொருள்களுக்கு 5 சதவீத வாட் வரி உண்டு. ஒரு கடையில் குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிச் சீட்டுப் போட்டால் விமான நிலையத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பெட்டியை விமானத்தில் போடும் முன்பே அந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும். போட்டுவிட்டுப் போய்ப் பொருளைக் காட்டச் சொன்னால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டா?

ஹோட்டலில் அறைக்கு, இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை சுற்றுலாக் கட்டணம் தனியாக வாங்குவார்கள், நட்சத்திரத்தைப் பொறுத்து. எல்லாம் கட்டியாச்சு என்று நினைத்திருப்பீர்கள், இது நேரில் கேட்கப்படும். முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்துவைத்து, கிளம்பியபின் விடுவிப்பதும் வழக்கம். திர்ஹாமை 24 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அன்றைய விலை சற்று முன்பின் இருக்கும். ஒவ்வொரு டீக்கும் 24ஆல் பெருக்கிக்கொண்டே இருந்தால் விடுமுறை நரகமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அபுதாபிக்கு ஒரு நாள் போய்வரலாமா?

கட்டாயம். ஒன்றரை மணி நேரப் பயணம். ஷேக் சாயித் பெரிய மசூதிக்குக் கட்டணமில்லை, ஆனால் இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். பெண்கள் தலையையும் கை கால்களையும் மூட வேண்டும். வழியிலேயே அபு முரைகாவில் 2024 பிப்ரவரி 14 அன்று திறந்த சுவாமிநாராயண் கோயில். இளஞ்சிவப்பு மணற்கல்லில் செதுக்கியது. அதற்கும் முன்பதிவு வேண்டும், திங்களன்று மூடியிருக்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம், மூன்றாவதாக எதையும் சேர்க்காதீர்கள். கோயிலுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் துபாயிலேயே ஜெபல் அலியில் 2022இல் திறந்த இந்துக் கோயில் இருக்கிறது.

மச்சான் அங்கேதானே இருக்கிறான், அவன் வீட்டில் தங்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கொஞ்சம் தயங்கினேன். இங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களில் பலர் இருப்பது பெட் ஸ்பேஸ். ஒரே அறையில் நாலு, ஆறு கட்டில், அதில் ஒரு கட்டில்தான் அவருடையது. ஊருக்கு அனுப்பும் போட்டோவில் பின்னால் புர்ஜ் கலீஃபா இருக்கும், கட்டில் இருக்காது. "வாங்க, வாங்க" என்றுதான் சொல்வார், வேறு எப்படிச் சொல்வார்? அதனால் நீங்களே அறை எடுத்துவிட்டு, அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். பலருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. வரும்போது அவர் அம்மா கையால் போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில். பில்லை நீங்கள் கட்டுங்கள், அவர் சண்டை போட்டாலும்.

வாட்ஸ்அப்பில் ஊருக்குப் பேசலாமா?

மெசேஜ் போகும். குரல், வீடியோ அழைப்பு இங்கே வேலை செய்யாது. போட்டிம் என்ற செயலியை ஊரில் இருப்பவர்களும் முன்பே இறக்கிக்கொண்டால் பேசலாம். இல்லையென்றால், இறங்கிய இரவே "போன் போகலையே" என்று ஊரில் கலவரமாகிவிடும். இன்னொன்று: இங்குள்ள பிளக் பட்டையான மூன்று முள் கொண்டது. நம் சார்ஜருக்கு அடாப்டர் ஒன்று எடுத்து வாருங்கள். அழைப்பு வரவில்லையே என்று கவலைப்பட்டு விடிய விடியக் காத்திருந்த போனில் சார்ஜும் இல்லாமல் போவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

கடைசி நாள் விமானம் இரவு பதினொரு மணிக்கு. மதியமே அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் பழைய துபாய்க்கு வாருங்கள். அல் ஃபஹீதி தெருக்களில் நடந்தால், வீட்டுக் கூரை மேல் சதுரமான கோபுரங்கள் தெரியும். கரண்ட் இல்லாத காலத்தில் கடற்காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கியவை அவை. அங்கிருந்து நாலு எட்டில் கிரீக் எனப்படும் கடற்கழி. அப்ரா என்ற மரப்படகில் ஒரு திர்ஹாம் நாணயத்தைக் கொடுத்தால் அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். சுற்றிலும் தடுப்பு கிடையாது, நடுவில் நீளப் பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும், குழந்தையின் கையை விடாதீர்கள். 1966 வரை இந்தக் கரையில் புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று அச்சடித்த ரூபாய். அப்பாவுக்கு இதைச் சொன்னால் அடுத்த கால் மணி நேரம் அவர்தான் பேசுவார்.

இறங்கும் இடத்திலேயே மசாலாக் கடைத்தெரு. குங்குமப்பூவும் காய்ந்த எலுமிச்சையும் மூட்டை மூட்டையாக இருக்கும். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள். இருட்டியதும் இன்னொரு திர்ஹாம் கொடுத்துத் திரும்பி வந்து, ஏழரைக்குள் பெட்டியை எடுத்துவிடுங்கள். விமானம் டெர்மினல் 1 அல்லது 3 என்றால் மெட்ரோவிலேயே போய்விடலாம். டெர்மினல் 2 என்றால் மெட்ரோ கிடையாது, டாக்ஸிக்குக் கொஞ்சம் காசு மிச்சம் வைத்திருங்கள்.